செல்லக்கிளி வைத்த பெயர்

லால்குடிப் பக்கம் பிறந்த பெண் குழந்தைக்குச் செல்லக்கிளி என்று ஆசை ஆசையாகப் பெயர் வைத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சோறும் போட்டு முடித்த பிறகுதான், கிளிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது என்பது வீட்டாருக்குத் தெரிந்தது. பெயரை மாற்றிவிடலாமா என்று அப்பா யோசித்தார். ரேஷன் கார்டில் ஏறிவிட்டது, இனி இதற்காகத் தாலுகா ஆபீசுக்கு யார் அலைவது என்று விட்டுவிட்டார். ஆனால் கிளி பேசாமல் ஒன்றும் இருந்துவிடவில்லை. கையால் பேசக் கற்றுக்கொண்டது. ஐம்பது வயதாகியும் இன்னும் நிறுத்தவில்லை.

ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஜோதி போட்டோ ஸ்டூடியோவில்தான் அவளுக்கு வேலை. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பது, கம்ப்யூட்டரில் அதன் பின்னணியை வெள்ளையாக்குவது, வெட்டிக் கவரில் போட்டுக் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. தாடையை இறக்கு, தோளை நேராக வை, சிரிக்காதே என்று மூன்றே சைகையில் வருகிறவர்களை வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். காது கேட்காது என்று தெரிந்ததும் நம் ஆட்கள் ஒரு காரியம் செய்வார்கள். குரலை உயர்த்திக் கத்துவார்கள். அப்படிக் கத்தும்போது வாய் எவ்வளவு தூரம் திறக்கிறது, எந்தப் பல் சொத்தை என்பதையெல்லாம் செல்லக்கிளி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாள் முழுக்க மனித முகங்களைப் பார்ப்பதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு காரணம் உண்டு. காது கேட்காதவர்கள் கூட்டத்தில் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பெயரை எழுத்து எழுத்தாக விரலில் காட்டிக்கொண்டிருக்க முடியாது. காட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் கையாலேயே ஒரு பெயர் இருக்கும். அதைத் தனக்குத்தானே வைத்துக்கொள்ள முடியாது, இன்னொருவர்தான் வைக்க வேண்டும். பார்த்ததும் கண்ணில் எது படுகிறதோ அதுவே பெயர். கன்னத்தில் மச்சம் என்றால் மச்சம், தலையில் சொட்டை என்றால் சொட்டை. இதில் கேலி ஒன்றும் இல்லை, அடையாளம் அவ்வளவுதான். வைத்தால் வைத்ததுதான். பிறகு நீங்கள் ஆபரேஷன் செய்து மச்சத்தை எடுத்துவிட்டு வந்தாலும் மச்சம் வருகிறார் என்றுதான் சொல்வார்கள்.

திருச்சியில் அந்த மாதிரிப் பெயர் வைப்பதில் செல்லக்கிளியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை வாசலில் காது கேட்காதவர்கள் கூடுவார்கள். புதிதாக யாராவது வந்தால் அவளிடம்தான் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் பார்ப்பாள், வைத்துவிடுவாள். அந்த ஆள் ஊரை விட்டுப் போனாலும் பெயர் கூடவே போகும். அவளுடைய சொந்தப் பெயர் இரண்டு விரலைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக் குத்துவது போல நீட்டுவது. முறைக்கிறவள் என்று அர்த்தம், ஹாஸ்டலில் கூடப் படித்தவர்கள் வைத்தது.

ஸ்டூடியோ முதலாளி ஜோதிக்கும் ஒரு பெயர் உண்டு. பெண் வாடிக்கையாளர் யாராவது உள்ளே வந்தால் அவர் மூச்சைப் பிடித்துத் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார். வயிற்றின் மேல் கையை வைத்து உள்ளே இழுப்பதுதான் அவர் பெயர். அது என்ன என்று அவர் ஒரு நாள் செல்லக்கிளியின் மகள் யமுனாவிடம் கேட்டார். "முதலாளின்னு அர்த்தம் சார்" என்றாள் யமுனா. அன்றிலிருந்து அவரே தினமும் காலையில் கடைக்குள் நுழைந்ததும் வயிற்றில் கை வைத்து, தொப்பையை உள்ளே இழுத்து, கம்பீரமாகத் தன் வருகையைத் தெரிவிக்கிறார்.

யமுனாவைப் பற்றிச் சொல்வதற்கு முன் செல்லக்கிளி படித்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்பில் கையால் பேசினால் கையிலேயே அடி விழும். வாயால் பேச வைக்கிறோம் என்று உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, 'ப' சொல்லு என்பார்கள். காகிதம் ஆடினால் பாஸ். செல்லக்கிளி வருஷக்கணக்கில் காகிதத்தை ஆட்டினாள். பெரியவளாகி அந்த 'ப'வை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால்கூட அவளால் வாங்க முடியவில்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு மொழி என்று ஒன்று கிடைத்தது ஹாஸ்டலில், கட்டிலில் உட்கார்ந்து மற்றப் பெண்களோடு கையாட்டியபோதுதான்.

காது கேட்காத பிள்ளைகள் ஒரு மொழி படித்தால் போதும் என்று சலுகை இருந்தது. தமிழா, இங்கிலீஷா என்று கேட்டார்கள். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து, இங்கிலீஷில் இருபத்தாறு. செல்லக்கிளி கணக்கில் கெட்டிக்காரி, இங்கிலீஷையே எடுத்துக்கொண்டாள். அதனால் லால்குடியில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஹாஸ்டலிலிருந்து அவள் போட்ட கடிதமெல்லாம் இங்கிலீஷில் போயிற்று. அதைப் படித்துச் சொன்னவர் மெடிக்கல் ஷாப்காரர். டாக்டர்கள் கையெழுத்தையே படிக்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை.

அவள் இங்கிலீஷை, கையால் பேசுகிற அதே வரிசையில்தான் எழுதுவாள். அதில் ஒரு சின்னச் சங்கடம். கையால் கேள்வி கேட்கும்போது புருவம் மேலே போகும், கேள்வி என்பதே புருவத்தில்தான் இருக்கிறது. காகிதத்தில் புருவம் கிடையாது. அதனால் செல்லக்கிளி செல்போனில் கேட்கிற கேள்வியெல்லாம் உத்தரவு மாதிரி இருக்கும். கேஸ் சிலிண்டர் கம்பெனிக்காரர்கள் அவளுக்குப் பயப்படுகிறார்கள்.

அவள் கணவர் பிச்சைக்கும் காது கேட்காது. கைலாசபுரம் போகிற வழியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். சாது. இவர்களுடைய ஒரே மகள் யமுனாவுக்குக் காது நன்றாகக் கேட்கும், வாயும் நன்றாகவே பேசும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அம்மாவுக்கும் உலகத்துக்கும் நடுவே அவள்தான் நின்றாள். அம்மா கையால் சொல்வதை வாயால் சொல்லவும், மற்றவர்கள் வாயால் சொல்வதைக் கையால் சொல்லவும் வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் பொய் சொல்லலாம் என்பதைச் சீக்கிரமே கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் பெண் வகுப்பில் தூங்குகிறாள் என்று புகார் சொன்னபோது, "நான்தான் கிளாஸ்ல அமைதியான பொண்ணாம்" என்று கையால் சொன்னாள். செல்லக்கிளி டீச்சருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தாள்.

மறுபக்கம் இன்னும் கஷ்டம். செல்லக்கிளி எதையும் பார்த்தபடி சொல்லிவிடுவாள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கிற பெண்ணிடம், "குண்டாயிட்ட, முடி கொட்டிப்போச்சு, நல்லா இருக்கியா?" என்று அன்போடு விசாரிப்பாள். அதை யமுனா எப்போதும் ஒரே வாக்கியமாக மொழிபெயர்த்தாள். "உங்க புடவை நல்லா இருக்குன்னு சொல்றாங்க." இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை யமுனாவின் உதட்டில் பார்த்துப் பார்த்துச் செல்லக்கிளிக்கு மனப்பாடம். உதடு முதலில் குவிந்து ஒட்டும், பிறகு திறக்கும், கடைசியில் கீழ் உதடு மேல் பல்லைத் தொடும். புடவை. வாயசைவைப் படிப்பதில் அவள் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை என்றாலும் இந்த ஒன்றில் அவளை ஏமாற்ற முடியாது. மகள் பொய் சொல்கிறாள் என்று தெரிந்துகொண்டு தலையை ஆட்டி ஆமோதிப்பாள்.

இப்படியே ஓடியிருக்கும். கரூரிலிருந்து யமுனாவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பல்செட். பேசும்போது அது நழுவும், நாக்கால் ஒரு தள்ளு தள்ளி ஏற்றிக்கொள்வார். செல்லக்கிளி அவருக்கு உடனே பெயர் வைத்து, நாக்கையும் விரலையும் சேர்த்து அதைக் கணவருக்குச் செய்துகாட்டினாள். அந்த நேரம் பார்த்து யமுனா காபி குடித்துக்கொண்டிருந்தாள். காபி மூக்கு வழியாக வந்து பெரியப்பாவின் வேட்டியில் விழுந்தது. பெரியவரைப் பார்த்துச் சிரிக்கிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள்.

அந்த மாப்பிள்ளை போனதில் யமுனாவுக்கு வருத்தமில்லை. இப்போது வந்திருப்பது வேறு விஷயம். தில்லை நகரில் அவள் வேலை பார்க்கிற லேபுக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்தவன் சிவசங்கர். ஊசியைப் பார்த்ததும் கண் சொருகி அவள் தோளிலேயே சாய்ந்துவிட்டான். தெளிந்ததும் வெட்கத்தோடு சாரி சொன்னான். மறுவாரம் ஆரோக்கியமாக இருந்தும் இன்னொரு பரிசோதனைக்கு வந்தான். செல்லக்கிளி அவனுக்கு வைத்த பெயர், கண்ணைச் சொருகிக் கையைச் சரிய விடுவது. அதன் அர்த்தத்தை யமுனா அவனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள். யாரிடமும் உண்மையை மொழிபெயர்க்காத பெண் இவனிடம் மொழிபெயர்த்துவிட்டாள் என்றதுமே செல்லக்கிளிக்கு விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"அவங்க வீட்ல பேச வருவாங்க. நீ யாருக்கும் பேர் வைக்கக் கூடாது" என்று யமுனா கையால் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"கல்யாணம் முடிஞ்சப்புறம்?"

"பேரன் பேத்தி பொறந்தா அதுகளுக்கு வை. அது வரைக்கும் கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காரு. எனக்காகம்மா."

செல்லக்கிளி சத்தியம் செய்தாள். பெண் ஆசைப்பட்ட இடம், தன் கையால் கெட்டுப்போகக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தாள்.

சிவசங்கரின் அப்பா மாத்ருபூதம், கைலாசபுரம் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்து ரிட்டயரானவர். இப்போது கே.கே. நகரில் சொந்த வீடு. சம்பந்தி அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று கேள்விப்பட்டு, வாட்ஸ்அப்பில் ஆபீஸ் இங்கிலீஷில் ஒரு கடுதாசியே எழுதினார். 'மேலே குறிப்பிட்ட விஷயம் தொடர்பாக' என்று அது ஆரம்பித்தது. செல்லக்கிளி மேலே தேடிப் பார்த்தாள். மேலே காலையில் அவர் அனுப்பியிருந்த குட்மார்னிங் ரோஜாப்பூதான் இருந்தது. 'ரோஸ் குட். யூ கம் சண்டே' என்று பதில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா என்று புருவத்தை உயர்த்தித்தான் கேட்டாள். அவருக்குப் புருவம் போய்ச் சேரவில்லை. உத்தரவு என்று எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி மகனோடு வந்து பெல்லை அழுத்திவிட்டார்.

இவர்கள் வீட்டில் பெல் அடித்தால் கூடத்தில் சிவப்பு பல்பு எரியும். பல்பு எரிந்தபோது பிச்சை லுங்கியோடு மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தார். யமுனா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா என்ன காரியம் செய்தாள் என்று வாய்க்குள்ளேயே திட்டியபடி கதவைத் திறக்க ஓடினாள். செல்லக்கிளி சமையலறைக்கு ஓடினாள். ரவை இருந்தது, சர்க்கரை இருந்தது, நெய் இருந்தது. முந்திரி டப்பாவைத் தட்டினால் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. இருந்ததைப் போட்டுக் கேசரி கிண்டினாள்.

கேசரித் தட்டுகளோடு கூடத்துக்கு வந்தபோதுதான் சிவசங்கரின் அம்மாவை முதல்முறையாகப் பார்த்தாள். பிரேமலதா. கஞ்சி போட்ட காட்டன் புடவை, தடித்த கண்ணாடி, பள்ளிக்கூடத்தை மேற்பார்வை பார்க்க வந்த அதிகாரி போல விறைப்பான முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் செல்லக்கிளிக்குச் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கை இரண்டையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டாள்.

மாத்ருபூதம் பேச ஆரம்பித்தார். பேச்சுக்கு நடுவே சட்டைப் பையைத் தொட்டுப் பேனா இருக்கிறதா என்று பார்ப்பார், நெற்றியைத் தொட்டுக் கண்ணாடி இருக்கிறதா என்று பார்ப்பார், இடுப்பைத் தொட்டுப் போன் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் இருக்கும். உடனே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். செல்லக்கிளியின் விரல்கள் தொடைக்கு அடியில் துடித்தன. எதிரே மாட்டியிருந்த காலண்டரில் பெருமாளைப் பார்த்து மனத்தை அடக்கிக்கொண்டாள்.

பார்வையைத் திருப்பியது தப்பாகப் போயிற்று. காலண்டருக்குக் கீழேதான் பிரேமலதா உட்கார்ந்திருந்தார். கேசரியை அவர் சாப்பிடவில்லை, ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்பூனால் கிளறி ஒரு முந்திரியைக் கண்டுபிடித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. எல்லாம் சேர்ந்ததும் கண்ணை மட்டும் இடது பக்கம் ஓட்டினார், வலது பக்கம் ஓட்டினார். யாரும் பார்க்கவில்லை என்று முடிவு செய்து, இரண்டு விரலால் அள்ளி வாய்க்குள் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். முகம் மட்டும் அதே அதிகாரி முகம்.

செல்லக்கிளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். அதற்குப் பிறகு நடந்ததை யாராலும் பொறுக்க முடியாது. மாத்ருபூதம் ஸ்டோர்ஸில் தணிக்கை நடந்த பழைய கதையை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேமலதாவின் ஸ்பூன் ஓசைப்படாமல் பக்கத்துத் தட்டுக்குப் போய், கணவரின் முந்திரியையும் எடுத்துக்கொண்டு திரும்பியது.

தொடைக்கு அடியிலிருந்து கைகள் தாமாகவே வெளியே வந்துவிட்டன. இடது உள்ளங்கை தட்டாயிற்று, வலது கை இரண்டு விரலால் பொறுக்கிற்று, கண் இடமும் வலமும் ஓடிற்று, கன்னம் உப்பிற்று. பெயர் வைத்தாயிற்று. பிச்சை இருமுவது போலத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

நிமிர்ந்து பார்த்தால் பிரேமலதா நேராக இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் முந்திரி அப்படியே இருந்தது. பிறகு அவர் யமுனா பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். என்ன கேட்டார், யமுனா என்ன சொன்னாள் என்பதெல்லாம் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது மகள் கையால் நடித்துக்காட்டித்தான் செல்லக்கிளிக்கு முழுசாகத் தெரிந்தது.

"அம்மா என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டிருக்கிறார் பிரேமலதா.

"உங்க புடவை நல்லா இருக்குன்னு சொல்றாங்க, ஆன்ட்டி."

"புடவையா."

"ஆமாங்க. கலர் ரொம்பப் பிடிச்சிருக்காம்."

"ஓ. இந்தக் கன்னத்தை உப்பினாங்களே, அது கலரா?"

"அது வந்து... பார்டருங்க."

பிரேமலதா தன் புடவை பார்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கேசரி கிடைக்குமா?" என்று தட்டை நீட்டினார். யமுனா வைத்தாள். இந்த முறை அவர் அவசரப்படாமல், செல்லக்கிளிக்கு நன்றாகத் தெரியும்படி தட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முந்திரி பொறுக்கினார். ஒவ்வொன்றை எடுத்ததும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

கேட்கிற ஆட்கள் நடுவில் உட்கார்ந்து கையால் என்ன வேண்டுமானாலும் பேசலாம், ஒருவருக்கும் புரியாது என்பது செல்லக்கிளிக்கு ஹாஸ்டல் நாளிலிருந்தே பழக்கம். பஸ்ஸில் பேசுவாள், பாங்கில் பேசுவாள், கோயில் வரிசையில் முன்னால் நிற்கிறவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு முன்னாலேயே பேசுவாள். ஒரு தடவை கை வெளியே வந்துவிட்ட பிறகு அதை உள்ளே தள்ளவும் அவளால் முடியவில்லை. கணவரிடம் சொன்னாள்.

"முந்திரிக்காரி மோசமில்லை. மூஞ்சிதான் கடுப்பு. இப்படி ரசிச்சுத் திங்கறவங்க மனசுல கெட்டது இருக்காது."

"அப்புறம் ஏன் உன் மூஞ்சி வாடியிருக்கு?" என்று பிச்சை கேட்டார்.

"பயமா இருக்கு. அங்க போனா யமுனா யார்கிட்ட கையால பேசுவா? நாள் பூரா வாயாலேயே பேசணும். கை மறந்துபோகும். அப்புறம் இங்க வந்தா என்கிட்டயும் வேகமா பேச வராது. நல்லா இருக்கியா, சாப்ட்டியான்னு நாலு வார்த்தை பேசிட்டுப் போயிடுவா. மத்த வீட்டுப் புள்ளைங்க அவங்க அப்பா அம்மாகிட்ட பேசறமாதிரி."

இதைச் சொன்னபோது அவள் கை மெதுவாகத்தான் அசைந்தது. யமுனா பார்த்துவிட்டாள். பிரேமலதா மறுபடி கேட்டதற்கு, "எந்த மண்டபம் பிடிக்கலாம்னு பேசிக்கறாங்க ஆன்ட்டி" என்று குரல் நடுங்கச் சொன்னாளாம். பிரேமலதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டினார். வாணலியில் வழித்தெடுத்து வைத்த கேசரியில் முந்திரி ஒன்றுகூட இல்லை. அதையும் சாப்பிட்டார்.

மாத்ருபூதம் பேனாவையும் கண்ணாடியையும் போனையும் கடைசி தடவையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோங்க" என்றார். அந்த வாக்கியம் செல்லக்கிளிக்குக் கேட்காது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கரூர்க்காரர்கள் எழுந்தபோது யமுனாவின் முகம் எப்படி ஆயிற்றோ, அதைவிட மோசமாக இப்போது ஆயிற்று. சிவசங்கர் ஊசியைப் பார்த்த மாதிரி நின்றான்.

செல்லக்கிளிக்கு உயிரே போய்விட்டது. இந்தப் பாழும் கையை வெட்டிப் போட்டால்தான் என்ன என்று நினைத்தாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் போய் நின்று, பிரேமலதாவைக் கும்பிட்டாள். பிறகு மகள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"இப்ப நான் சொல்றதை அப்படியே சொல்லு. பொய் சேர்க்காதே. தப்பு பண்ணது என் கை. சின்னதுலேருந்து அடிச்சும் திருந்தலை. அதுக்காக என் பொண்ணை வேண்டாம்னு சொல்லாதீங்க. அவளுக்கு உங்க புள்ளைன்னா உசிரு. வேணும்னா கல்யாணத்துல நான் கையைக் கட்டிக்கிட்டு ஒரு மூலையில உக்காந்துக்கறேன்."

யமுனா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. பிரேமலதா அவளைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். தோளில் இருந்த கைப்பையைக் கழற்றி மகன் கழுத்தில் மாட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணும் கலங்கியிருந்தன. கையைத் தூக்கினார்.

"கேசரி நல்லா இருந்துச்சு" என்றது அந்தக் கை. "முந்திரி கம்மி."

செல்லக்கிளி பின்னால் நகர்ந்து கதவில் இடித்துக்கொண்டாள். பிச்சையின் துண்டு கீழே விழுந்தது. முழங்கை மடங்காத, துருப்பிடித்த பேச்சுதான் அது. பாதி சைகை இப்போது யாரும் பேசாத பழைய சைகை. ஆனால் பேச்சு பேச்சுதான். அப்படியானால் உள்ளே உட்கார்ந்து பேசியதெல்லாம்... முந்திரிக்காரி, கடுப்பு மூஞ்சி, எல்லாமா?

"எல்லாம்தான்" என்று பிரேமலதா தலையை ஆட்டினார். "பார்டர் வரைக்கும்."

யமுனா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நீங்க வெச்ச பேர் எனக்குப் புதுசு இல்லை" என்று பிரேமலதா தொடர்ந்தார். விரல்கள் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தன. உள்ளங்கையை நீட்டினார், இரண்டு விரலால் பொறுக்கினார், கண்ணை இடமும் வலமும் ஓட்டினார், கன்னத்தை உப்பினார். செல்லக்கிளி வைத்த அதே பெயர், கண் ஓடுகிற வேகம்கூட மாறவில்லை. "எனக்கு ஒரு தம்பி இருந்தான். நவநீதன். காது கேட்காது, உங்களை மாதிரியே. நான் பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்சப்பவே அவன் இதை வெச்சுட்டான். பெரியவளானா இந்தப் பழக்கம் போயிடும்னு எங்கம்மா சொன்னாங்க. போகலை."

செல்லக்கிளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே அவன் காய்ச்சல்ல போயிட்டான். வீட்ல மத்தவங்களுக்கு அவனோட பேச்சு தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். அவனுக்கப்புறம் இந்தப் பேரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிடலை. இன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மறுபடி சொல்லுவீங்களான்னு பார்க்கத்தான் இன்னொரு தட்டு வாங்கினேன்."

அதற்கு மேல் அவர் கை ஓடவில்லை. தானே வைத்த பெயர் என்று இத்தனை நேரம் செல்லக்கிளிக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. அது போயிற்று. முகம் தெரியாத ஒரு பையன், தன்னைப் போலவே முறைத்து முறைத்துப் பார்த்து, இந்தப் பெயரை எப்போதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"கூப்பிடுங்க" என்றார் பிரேமலதா. "இன்னும் ஒரு தடவை."

செல்லக்கிளி கூப்பிட்டாள். நிதானமாக, ஒரு முந்திரியும் தவறாமல் பொறுக்கி, கண்ணை ஓட்டி, கன்னத்தை நன்றாக உப்பிக் கூப்பிட்டாள். பிரேமலதா அழுதுகொண்டே சிரித்தார்.

"உங்க பொண்ணு கை சும்மா இருக்காது. வீட்ல நான் இருக்கேன். எனக்கு மறந்ததை அவ ஞாபகப்படுத்துவா" என்று சொல்லிவிட்டு, செல்லக்கிளியின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இவர்கள் பேச்சில் கையைப் பிடித்துக்கொண்டால் வாயைப் பொத்திய மாதிரி. ஆனாலும் செல்லக்கிளி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஒருவழியாகக் கை விடுபட்டதும் பிரேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் விழித்துக்கொண்டு நின்ற கணவரைக் கட்டை விரலால் காட்டினார்.

"இவருக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

செல்லக்கிளி மகளைப் பார்த்தாள். யமுனா தலையில் அடித்துக்கொண்டு, வை என்று கையை விரித்தாள். செல்லக்கிளி சட்டைப் பையைத் தொட்டு, நெற்றியைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு, பதறிப் போய் மறுபடி சட்டைப் பையைத் தொட்டாள். பிரேமலதா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அதிகாரி முகமெல்லாம் கலைந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். சிவசங்கர் கழுத்தில் கைப்பையோடு சிரித்தான்.

மாத்ருபூதத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அனிச்சையாகப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மனைவியிடம் ஏதோ கேட்டார். என்ன சொல்கிறார்கள் என்றுதான் கேட்டிருப்பார். பிரேமலதா சிரிப்பை விழுங்கினார். பழைய விறைப்பு முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினார். செல்லக்கிளி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு குவிந்து ஒட்டியது, பிறகு திறந்தது, கடைசியில் கீழ் உதடு மேல் பல்லைத் தொட்டது.

புடவை.